பழுதான எல்சிடி டிவி: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் 32 அங்குல டிவியைக் கழற்றிக் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். சத்தம் வருகிறது, படம் இல்லை. பார்க்க வந்த மெக்கானிக் "பேனல் போச்சு, புதுசே வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். கறுப்புக்குள் மங்கலாகச் செய்தி வாசிப்பவர் தெரிந்தார். பேனல் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் எரியவேண்டிய வெளிச்சம்தான் அணைந்திருந்தது. சில நூறு ரூபாய்க்கு எல்இடி பட்டைகள் வாங்கி மாற்றினோம். அந்த டிவி இன்னமும் ஓடுகிறது.

டிவி பழுதில் செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த மாதிரி முதல் ஐந்து நிமிடம்தான். திருப்புளியை எடுப்பதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்: முன்பக்கச் சின்ன விளக்கு எரிகிறதா, சத்தம் வருகிறதா, திரைக்குப் பின்னால் வெளிச்சம் இருக்கிறதா. எந்தப் பகுதியில் கை வைக்கவேண்டும் என்பதை இந்த மூன்றும் ஏறக்குறைய சொல்லிவிடும்.

உள்ளே இருப்பவை

கடையில் எல்இடி டிவி என்று விற்பதும் எல்சிடி டிவிதான். பின்வெளிச்சம் மட்டும் வேறு. 2010-க்கு முந்தைய செட்டுகளில் பெரும்பாலும் மெல்லிய டியூப் லைட் போன்ற விளக்குகள் இருக்கும். பிறகு வந்தவற்றில் எல்இடி பட்டைகள். ஓஎல்இடி வேறு ரகம், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

பின்மூடியைத் திறந்தால் வீட்டு மின்சாரத்தை 5, 12, 24 வோல்ட் டிசியாக மாற்றும் பவர் போர்டு இருக்கும். எச்டிஎம்ஐ, யுஎஸ்பி துளைகளோடு இருப்பது மெயின் போர்டு. டிவியின் மூளை அதுதான், சத்தமும் அங்கிருந்துதான் போகிறது. மெயின் போர்டிலிருந்து ஒரு பட்டை கேபிள் போய்ச் சேரும் சின்னப் போர்டு டீகான். படத் தகவலைப் பேனலின் ஒவ்வொரு வரிசைக்கும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. அப்புறம் பின்வெளிச்சம் தரும் பேக்லைட், எல்லாவற்றுக்கும் முன்னால் படம் தெரியும் பேனல் கண்ணாடி. இப்போதைய விலை குறைந்த செட்டுகளில் பவரும் மெயினும் ஒரே போர்டில் இருக்கும், டீகான் பேனலோடு ஒட்டியே வரும். ஆனால் வேலை அதே வேலைதான்.

திறக்காமலே முடியும் வேலைகள்

வாரண்டி இருந்தால் மேற்கொண்டு படிக்கவேண்டாம், கம்பெனிக்குப் போன் போடுங்கள். இல்லையென்றால் முதலில் டிவியை ஜங்ஷன் பாக்ஸிலிருந்து பிடுங்கி நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். ஒருமுறை நான் பின்மூடியின் பன்னிரண்டு திருகையும் கழற்றி முடித்த பிறகுதான் ஜங்ஷன் பாக்ஸின் சுவிட்ச் செத்திருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து இந்தப் படியைத் தாண்டுவதில்லை.

ரிமோட் வேலை செய்யவில்லையா? அதன் முனையைச் செல்போனின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் ஊதா நிறத்தில் மின்னும். (பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் வடிகட்டி இருப்பதால் தெரியாமல் போகலாம்.) மின்னவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ரிமோட்டில்தான்.

படம் உடைகிறது, நிறம் மாறுகிறது, சிக்னல் இல்லை என்று வருகிறதா? டிவியின் சொந்த மெனுவை வரவழையுங்கள். மெனு துல்லியமாக இருந்து படம் மட்டும் கெட்டிருந்தால் கோளாறு செட்டாப் பாக்ஸிலோ கேபிளிலோ எச்டிஎம்ஐ துளையிலோ இருக்கிறது. மெனுவும் சேர்ந்து கெட்டிருந்தால் டிவிக்குள் இருக்கிறது. இதற்குப் பைசா செலவில்லை, ஆனால் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை.

டெட்டான செட்டில்தான் ஆபத்து அதிகம்

பவர் போர்டில் கட்டைவிரலை விடத் தடிமனாக ஒரு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உருளை) நிற்கும். 230 வோல்ட் உள்ளே வந்து டிசியாகும்போது அதில் சுமார் 325 வோல்ட் ஏறும். பெரிய செட்டுகள் ஓடும்போது 380, 400 வரை போகும். ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பிடுங்கினால் அந்தச் சக்தி பெரும்பாலும் செலவாகி வடிந்துவிடும். ஃபியூஸ் நன்றாக இருந்து பவர் சப்ளை மட்டும் செத்த செட்டில் அதை இழுத்துக்கொள்ள ஆளில்லை. பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் கழித்தும் அப்படியே நிற்கும். விளக்கே எரியவில்லையே என்று நினைத்துக் கை வைத்தால் தூக்கி அடிக்கும், உயிரும் போகலாம்.

அதனால் பிளக்கைப் பிடுங்கியதும் அந்தக் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களிலும் பழைய 60 அல்லது 100 வாட் குண்டு பல்பின் வயர்களைச் சில விநாடிகள் வையுங்கள். பிறகு மல்டிமீட்டரால் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதை உறுதி செய்யுங்கள். திருப்புளியைக் குறுக்கே வைத்து ‘டப்’ என்று ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். போர்டில் தடித்த கோட்டால் இரண்டு பக்கங்களைப் பிரித்திருப்பார்கள். பிளக் வயர் வரும், வீட்டு மின்சாரம் நேரடியாக இருக்கும் பக்கத்துக்குச் ‘சூடான பக்கம்’ என்று பெயர், மெயின் போர்டுக்கு வயர் போகும் பக்கத்துக்குக் ‘குளிர்ந்த பக்கம்’ என்று பெயர். புதிதாகப் பழகுகிறவர்கள், செட் ஆனில் இருக்கும்போது குளிர்ந்த பக்கத்தில் மட்டும் அளந்தால் போதும். கறுப்பு முனையை டிவியின் உலோகத் தகட்டில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் மட்டும் அளக்கவேண்டும்.

விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை

செட்டைப் பிடுங்கி, கெப்பாசிட்டரை வடித்துவிட்டு, முதலில் ஃபியூஸைப் பாருங்கள். கண்ணாடி ஃபியூஸ் கன்னங்கரேலென்று வெடித்திருந்தால் உள்ளே எங்கேயோ நேரடி ஷார்ட். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடு, அதையடுத்துச் சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட் இரண்டையும் மல்டிமீட்டரில் ‘பீப்’ நிலையில் வைத்துச் சோதிக்கவேண்டும். கண்ணாடி தெளிவாக இருந்து உள்கம்பி மட்டும் அறுந்திருந்தால் ஒரு நொடி மின் எழுச்சிதான் காரணமாக இருக்கலாம். ஃபியூஸுக்குப் பக்கத்தில் காசு வடிவத்தில் ஒரு வேரிஸ்டர் நிற்கும். தெருவில் நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட் வரை பாய்ந்தால், தான் வெடித்து ஃபியூஸையும் எரித்து மற்ற போர்டுகளைக் காப்பாற்றுவது அதுதான். அதை மாற்றாமல் ஃபியூஸ் மட்டும் போட்டு ஓட்டினால் அடுத்த முறை காவலுக்கு ஆள் இருக்காது.

ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செம்புக் கம்பி சுற்றாதீர்கள். எழுதியிருக்கும் அதே ஆம்பியர் போடவேண்டும். புது ஃபியூஸ் போட்டு முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் (மின்சாரம் பல்பு வழியாகவே டிவிக்குப் போகும்படி) இணைத்துக் கொடுங்கள். பல்பு ஒரு மின்னு மின்னி மங்கினால் ஷார்ட் இல்லை. நின்று பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, ஆனால் ஃபியூஸ் தப்பித்தது.

போர்டைத் திருப்பிப் பார்க்கவும் மறக்கவேண்டாம். நம்மூர் வீடுகளில் பவர் போர்டின் கதகதப்புக்குப் பல்லியும் எறும்பும் குடிவந்துவிடும். கருகிய பல்லி ஒன்றை ஒட்டியிருந்த இரண்டு முனைகளிலிருந்து சுரண்டி எடுத்ததும் உயிர் வந்த செட்டும் உண்டு. கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் பச்சை பூத்த கால்களைத் தேடுங்கள்.

ஃபியூஸ் சரி, ஷார்ட்டும் இல்லை என்றால் குளிர்ந்த பக்கத்தில் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் (டிவி அணைந்திருக்கும்போதும் வரும் மின்சாரம்) வருகிறதா என்று அளக்கவேண்டும். சில செட்டுகளில் இது 3.3, சிலவற்றில் 12. எவ்வளவு என்பது கனெக்டர் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். அது வந்தும் விளக்கு எரியவில்லை என்றால் சந்தேகம் மெயின் போர்டுக்குப் போகிறது.

சிவப்பு விளக்கு எரிகிறது, செட் எழுந்திருக்கவில்லை

டக், டக் என்று ரிலே (போர்டில் தானாக இயங்கும் சுவிட்ச்) அடித்துக்கொண்டே இருப்பது, விளக்கு மினுக்கி மினுக்கி நிற்பது, காலையில் ஆன் ஆகப் பத்து நிமிடம் எடுப்பது என இதற்குப் பல முகங்கள். வயதான செட் என்றால் கை நேராகக் குளிர்ந்த பக்கத்துக் கெப்பாசிட்டர்களுக்குப் போகலாம். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். பழுதானது இட்லி மாதிரி உப்பியிருக்கும், இல்லையென்றால் அடியில் பழுப்பாகக் கசிந்திருக்கும். உப்பாமலே வலுவிழந்தவையும் உண்டு. சந்தேகமாக இருந்தால், பிடுங்கிய நிலையில் ஹேர் டிரையரால் அந்த வரிசையை லேசாகச் சூடாக்கிவிட்டு ஆன் செய்யுங்கள். உடனே எழுந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவோ கூடுதலோ, வெப்பம் 105 டிகிரி, ரகம் ‘லோ ஈஎஸ்ஆர்’ (உள் எதிர்ப்பு குறைந்தது). 10 வோல்ட்டுக்குப் பதில் 16 வோல்ட் போடலாம், 16-க்குப் பதில் 10 போடக்கூடாது. கெப்பாசிட்டரில் கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றிப் போட்டால் வெடிக்கும். சென்னையில் ரிட்சி தெருவில் இவையெல்லாம் சில ரூபாய்க்குச் சில்லறையாகவே கிடைக்கும்.

கெப்பாசிட்டர் எல்லாம் நன்றாக இருந்தால் பேக்லைட் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது சத்தம் வந்து நிலைத்தால், பேக்லைட் கோளாறுதான் செட்டை அணைத்துக்கொண்டிருந்தது. சில செட்டுகள் கனெக்டர் கழன்றதையும் கண்டுபிடித்து அணைந்துவிடும். அதனால் எழவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யவேண்டாம்.

சத்தம் உண்டு, படம் இல்லை

நான் பார்த்தவரை வீட்டு டிவிகளில் அதிகம் வரும் கோளாறு இதுதான். மேலே சொன்ன டார்ச் சோதனையைச் செய்யுங்கள். உள்ளே மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட். ஆன் செய்ததும் ஓரிரு விநாடி படம் பளிச்சிட்டு, பிறகு சத்தம் மட்டும் ஓடினாலும் பேக்லைட்தான்.

பட்டையில் உள்ள எல்இடிகள் சீரியல் செட் விளக்குகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுவதும் இருட்டு. எல்இடிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சுற்று இதைக் கண்டு பாதுகாப்புக்காக மொத்தத்தையும் அணைத்துவிடும். எல்இடி ஒன்று சுமார் 3 அல்லது 6 வோல்ட் எடுக்கும். எல்லாம் சேரும்போது கனெக்டரில் பல பத்து வோல்ட்டிலிருந்து 200 வோல்ட் வரைகூட வரலாம், அதனால் கனெக்டரிலும் கவனம் தேவை. ஆன் செய்த நொடியில் அங்கே வோல்ட் ஏறி இறங்கினால் டிரைவர் முயற்சி செய்கிறது, பட்டையில்தான் கோளாறு. ஏறவே இல்லை என்றால் டிரைவரையோ, மெயின் போர்டிலிருந்து வரும் பேக்லைட் ஆன் சிக்னலையோ பார்க்கவேண்டும். எல்இடி டெஸ்டர் என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது. பேனலைக் கழற்றாமலே கனெக்டரில் மாட்டி, வரிசை எரிகிறதா என்று பார்த்துவிடலாம். இரண்டு மூன்று டிவிகளுக்கு வேலை செய்யும் எண்ணம் இருந்தால் அதை வாங்கிவிடுங்கள்.

பட்டை மாற்றுவதில் கஷ்டம் மின்சாரத்தில் இல்லை, கண்ணாடியைத் தூக்குவதில் இருக்கிறது. பேனலின் விளிம்பில் போட்டோ ஃபிலிம் போல மெல்லிய நாடாக்கள் ஒட்டியிருக்கும். அவற்றில் ஒன்று மடங்கினாலும் கிழிந்தாலும் டிவி முடிந்தது. ஒட்டுவதற்கு வீட்டில் வழியில்லை. 32 அங்குலம் வரை ஒருவர் பொறுமையாகச் செய்யலாம். 43-க்கு மேல் இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் பேசாமல் சொன்னதைக் கேட்பவராக இருந்தால் நல்லது. கட்டிலில் சுத்தமான போர்வை விரித்து, நாடாக்கள் உள்ள பக்கத்தை அவை ஒட்டியிருக்கும் போர்டோடு சேர்த்தே தூக்கி, கண்ணாடியைத் தட்டையாக வையுங்கள். அதன் அடியில் வெளிச்சத்தைப் பரப்பும் தாள்கள் இரண்டு மூன்று இருக்கும். எந்தத் தாள் மேலே, எந்தப் பக்கம் பளபளப்பு என்பதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாறினால் திரையில் திட்டுத்திட்டாகத் தெரியும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். உள்ளே போன ஒரு முடி, டிவி இருக்கும் வரை கண்ணில் படும்.

பட்டையில் அச்சிட்ட எண், எல்இடி எண்ணிக்கை, நீளம், எத்தனை வோல்ட் எல்இடி ஆகிய நான்கும் பொருந்தவேண்டும். கருகிய ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்பார்கள். மற்றவையும் அதே வருடங்கள் எரிந்தவைதான். சில மாதத்தில் அடுத்தது போகும், மறுபடி கண்ணாடியைத் தூக்கவேண்டும். செட்டாகவே மாற்றுங்கள். கருகிய எல்இடிக்குக் குறுக்கே ஈயம் வைத்து இணைத்துவிடுவது மெக்கானிக்குகள் செய்யும் தற்காலிக வேலை. வாடகை வீட்டைக் காலி செய்யும்வரை ஓடினால் போதும் என்பவர்களுக்குச் சரி.

மூடுவதற்கு முன் டிரைவர் ஐசி பக்கத்தில் இணையாக வைத்திருக்கும் மின்னோட்ட உணர் ரெசிஸ்டர்களில் ஒன்றைத் தூக்கிவிட்டால் எல்இடிக்குப் போகும் மின்னோட்டம் குறையும், ஆயுள் கூடும். வெளிச்சம் கொஞ்சம் குறைவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஐசி எது என்று அடையாளம் தெரியாதவர்கள் இதைத் தொடவேண்டாம். மெனுவில் ‘பேக்லைட்’ அளவை 100-லிருந்து 60, 70-க்கு இறக்கினாலே பாதிப் பலன் கிடைக்கும். ‘பிரைட்னஸ்’ என்பது பல செட்டுகளில் வேறு, அது படத்தின் கறுப்பு அளவைத்தான் மாற்றும்.

இதே குடும்பத்தில் இன்னும் சில: திரையில் பளிச்சென்று வெள்ளை வட்டங்கள் தெரிந்தால் எல்இடி மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் லென்ஸ் கழன்று விழுந்திருக்கிறது, திறந்து ஒட்டிவிடலாம். படம் முழுக்க நீலமோ ஊதாவோ ஏறினால் எல்இடியின் பாஸ்பர் பூச்சு கெட்டுவிட்டது, பட்டை மாற்றவேண்டும். ஒரு ஓரம் மட்டும் இருட்டு என்றால் அந்தப் பக்கத்து வரிசை மட்டும் போயிருக்கிறது.

வெளிச்சம் உண்டு, படம் இல்லை அல்லது கோடு

திரை வெறுமனே ஒளிர்கிறது, சத்தம் நன்றாக இருக்கிறது, டார்ச் அடித்தாலும் படம் தெரியவில்லை என்றால் மெயினுக்கும் டீகானுக்கும் இடையே உள்ள பட்டை கேபிளைப் பாருங்கள். செட்டைப் பிடுங்கிவிட்டுக் கழற்றி, முனையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, மறுபடி நன்றாக அழுத்தி மாட்டவேண்டும். பல கோளாறுகள் இதோடு முடியும். இல்லையென்றால் டீகானுக்கு 12 வோல்ட் (சிறிய பேனல்களில் 5 அல்லது 3.3) வருகிறதா, அதன் நுழைவில் உள்ள குட்டி ஃபியூஸ் உயிரோடு இருக்கிறதா என்று அளக்கலாம். நெகட்டிவ் ஃபிலிம் மாதிரி படம், பாதித் திரையில் மட்டும் குழப்பம் இவையும் முதலில் கேபிள், பிறகு டீகான்.

மேலிருந்து கீழ் வரை ஒரே ஒரு மெல்லிய நிறக்கோடு நிலையாக நின்றால் அது பேனல் விளிம்பு நாடாவின் ஒட்டு. விரலால் அழுத்தினால் மறைகிறது, விட்டால் வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். டேப் ஒட்டி சில முனைகளை மறைப்பது, கோட்டை வெட்டுவது என்று கடைகளில் சில வித்தைகள் செய்வார்கள். சில நாள் நிற்கும், சில மாதம் நிற்கும். நானாக இருந்தால் ஒற்றைக் கோட்டோடு வாழ்ந்துவிடுவேன். கண்ணாடி உடைந்து மை கொட்டியது போல் கறுப்புப் பரவியிருந்தால் பேசவே வேண்டாம். பேனல் விலையும் புது டிவி விலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அந்தச் செட்டின் போர்டுகளைக் கழற்றி வைத்துக்கொண்டால் வேறு யாருக்காவது உதவும்.

இந்தக் கோடுகளுக்குக் காரணம் பல வீடுகளில் சுத்தம் செய்வதுதான். திரையில் நேராகத் தெளிக்கும் திரவம் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கி நாடாக்களை அரித்துவிடுகிறது. துணியில் லேசாக நனைத்துத் துடைக்கவேண்டும், தெளிக்கக்கூடாது.

லோகோவிலேயே நிற்கிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது

யுஎஸ்பி, எச்டிஎம்ஐ எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். பழுதான ஒரு பென் டிரைவ்கூட இதைச் செய்யும். பிறகு, லோகோ வரும் நேரத்தில் 12 வோல்ட் நிலையாக நிற்கிறதா என்று அளக்கவேண்டும். சரிந்தால் கோளாறு பவரில் இருக்கிறது, சாஃப்ட்வேரைக் குறை சொல்லக்கூடாது. நின்றால்தான் யுஎஸ்பி மூலம் சாஃப்ட்வேர் ஏற்றுவது பற்றி யோசிக்கவேண்டும். மெயின் போர்டின் எண், பேனலின் எண் இரண்டுக்கும் பொருந்திய கோப்பாக இருக்கவேண்டும். டிவி மாடல் பெயர் மட்டும் போதாது, ஒரே மாடலில் வெவ்வேறு பேனல் வருகிறது. தவறான கோப்பு ஏற்றினால் படம் தலைகீழாகத் திரும்பலாம், செட் மொத்தமாகவும் செத்துப்போகலாம்.

இடி மழைக்குப் பிறகு

ஐப்பசி மழையில் பிளக்கைப் பிடுங்கியிருந்தும் டிவி போனது என்று சொல்வார்கள். கேபிள் வயரோ டிஷ் வயரோ வழியாக மின்னல் செட்டாப் பாக்ஸுக்குள் வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக மெயின் போர்டுக்குப் போயிருக்கும். எச்டிஎம்ஐ 1 மட்டும் செத்து 2 வேலை செய்தால் அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள், சரிசெய்யும் செலவு வீண். இரண்டும் செத்து யுஎஸ்பியில் படம் ஓடினால் மெயின் போர்டை மாற்றுவதுதான் வழி. அடுத்த மழைக்கு பிளக்கோடு எச்டிஎம்ஐ வயரையும் பிடுங்கிவிடுங்கள்.

படம் உண்டு, சத்தம் இல்லை

ஒலி வெளியீடு மெனுவில் வெளி ஸ்பீக்கருக்கோ புளூடூத்துக்கோ மாறியிருக்கிறதா பாருங்கள். ஹெட்போன் துளையில் ஹெட்போன் பிளக்கைச் செருகி எடுங்கள், உள்ளே தகடு சிக்கியிருந்தால் விடுபடும். ஹெட்போனில் சத்தம் வந்தால் ஸ்பீக்கரையோ ஆம்ப்ளிஃபையர் ஐசியையோ பார்க்கவேண்டும். ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் அளந்தால் 4, 6, 8 ஓம் என்று ஏதாவது காட்டவேண்டும்.

மூடும்போது

திருகுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நடுவில் போடவேண்டிய குட்டைத் திருகுக்குப் பதில் ஓரத்து நீளத் திருகைப் போட்டால் அது உள்ளே குத்தி, சரியான டிவியைப் பழுதாக்கும். கழற்றும்போதே ஒரு அட்டையில் டிவி வடிவம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். பின்மூடியை நான்கு திருகால் மட்டும் பிடித்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, படமும் சத்தமும் தடையில்லாமல் வந்தால் மீதியை முறுக்குங்கள். கடைசியில் கையில் ஒரு திருகு மிஞ்சியிருந்தால் மறுபடி திறக்கத்தான் வேண்டும். அது உள்ளே போர்டின் மேல் உருளாமல் கையிலேயே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.